தலைக்காயத்துக்குப் பின் தள்ளாட்டம்: படுக்க வைப்பதா, பழக்குவதா?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கொடும்பாளூர்ப் பக்கம், திருச்சி – மதுரை நாற்கரச் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். பைக்கில் போன முப்பத்தைந்து வயதுக்காரர் விழுந்து தலையில் அடிபடுகிறது. 108 வருகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், உயிர் பிழைக்கிறார். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். "ஸ்கேன்ல இப்ப ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வீடே நிம்மதி அடைகிறது.

அதற்குப் பிறகுதான் இன்னொரு பிரச்சினை தலைகாட்டுகிறது. கட்டிலில் புரண்டால் வீடே சுற்றுகிறது. எழுந்து நடந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது. இருட்டில் கொல்லைக்குப் போனால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மா சொல்கிறார்: "நீ எந்திரிக்காதப்பா, விழுந்துட்டா என்ன பண்றது? எது வேணும்னாலும் படுத்தபடியே கேளு." மெடிக்கலில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி வருகிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. மனிதர் கட்டிலிலேயே இருக்கிறார்.

இது தனி ஒருவருடைய கதை அல்ல. தலைக்காயம் பட்டவர் இருக்கும் வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொன்ன உதாரணம். அந்த அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் அவர் எடுத்த முடிவு மகனுக்கு உதவாது. தலைக்காயத்துக்குப் பின் வரும் தள்ளாட்டத்துக்குக் காரணங்கள் பல. காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற பயிற்சியைப் பாதுகாப்பாக, தினமும் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைக்கும். அது எப்படி, அதற்கு அரசு சேவைகளை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதுதான் இந்தப் பாடம்.

1. நாம் விழாமல் நிற்பது எப்படி?

கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். இருக்குவேளிர் தலைவரான பூதி விக்கிரமகேசரி கட்டியது. ஒரே வரிசையில் மூன்று கோயில்கள் இருந்தன. இன்று இரண்டு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். நம் உடம்பின் சமநிலையும் இப்படி மூன்று இடங்களிலிருந்து வரும் தகவலை நம்பித்தான் இருக்கிறது.

முதலாவது கண். எது நேர், எது சாய்வு, எவ்வளவு வேகத்தில் நகர்கிறோம் என்று பார்த்துச் சொல்கிறது.

இரண்டாவது உள்காது. காதுக்குள் ஆழத்தில் இரண்டு பக்கமும் மும்மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள திரவம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் பைகளில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. தலை சாய்ந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று அவை உணர்த்துகின்றன.

மூன்றாவது கால் பாதம், மூட்டுகள், கழுத்துத் தசைகள். கண்ணை மூடிக்கொண்டாலும் கீழே இருப்பது மணலா, சிமெண்ட் தரையா என்று பாதம் சொல்லிவிடும்.

இந்த மூன்று செய்திகளையும் மூளைத்தண்டும் சிறுமூளையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தசை எவ்வளவு இறுக வேண்டும் என்று உத்தரவு போடுகின்றன. மூன்றில் ஒன்று பழுதானால், மற்ற இரண்டையும் கூடுதலாக நம்பி நிற்க மூளை கற்றுக்கொள்ள முடியும். ஆனால் அது தானாக நடந்துவிடாது, பழக்க வேண்டும். சமநிலை மறுவாழ்வுப் பயிற்சி முழுவதற்கும் இதுதான் அடிப்படை.

2. எங்கே பழுது? முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்

"தலை சுத்துது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். டாக்டருக்கு அது போதாது. கீழே உள்ள வித்தியாசங்களைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

• கட்டிலில் புரளும்போது, படுக்கும்போது, அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் எல்லாம் சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் அடிபட்ட வேகத்தில் இடம் மாறி, அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கலாம். தலைக்காயத்துக்குப் பிறகு அடிக்கடி காணப்படும் காரணம் இது.

• தலையைத் திருப்பினால் பார்வை ஆடுகிறது, நடக்கும்போது கடைப் பெயர்ப் பலகையைப் படிக்க முடியவில்லை. உள்காதோ, அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். இதோடு காது கேட்பதும் குறைந்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

• தலை சுற்றவில்லை. ஆனால் காலை அகட்டி வைத்துத் தள்ளாடி நடக்கிறார், டம்ளரை எடுக்கப் போனால் கை தவறுகிறது. சிறுமூளை பாதிப்பாக இருக்கலாம்.

• ஒரு பக்கக் கை கால் பலவீனம், அல்லது ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது. இவையும் நடையைக் கெடுக்கும்.

• உட்கார்ந்து எழுந்த உடனே கண் இருட்டிக்கொண்டு வருகிறது. படுக்கையிலேயே பல நாள் கிடந்ததால் எழும்போது ரத்த அழுத்தம் குறையலாம்.

• மாத்திரை. வலிப்பு வராமல் இருக்கத் தரும் சில மருந்துகளும், தூக்க மருந்துகளும் தள்ளாட்டத்தை உண்டாக்கும். இதற்காக வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. அளவைச் சரிபார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

• பயம். ஒருமுறை விழுந்தவர் "மறுபடி விழுந்துருவேனோ" என்று உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு நடப்பார். அந்த விறைப்பே நடையைக் கெடுக்கும்.

ஒருவருக்கே இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருப்பதும் உண்டு. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த மாத்திரையும் பயிற்சியும் உங்கள் வீட்டில் இருப்பவருக்குப் பலிக்காமல் போகலாம்.

3. ஓய்வும் மாத்திரையும் மட்டும் ஏன் போதாது?

காயம் பட்ட ஆரம்ப நாட்களில் ஓய்வு தேவை. வாந்தியும் சுற்றலும் கடுமையாக இருக்கும்போது மாத்திரையும் உதவும். ஆனால் தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகளில் பல, உள்காதிலிருந்து வரும் செய்தியையே மந்தமாக்குகின்றன. அவற்றை மாதக்கணக்கில் போட்டால், புது நிலைமைக்கு மூளை பழகுவது தள்ளிப்போகும். இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்களை எந்த மாத்திரையாலும் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

1940-களில், போர்க் காலத்து பிரிட்டனில், காது மருத்துவர் காத்தோர்னும் மறுவாழ்வு மருத்துவர் குக்ஸியும் இதைக் கவனித்தார்கள். உள்காது பாதிப்பும் தலைக்காயமும் உள்ளவர்களில், தலையை அசைக்காமல் படுத்தே இருந்தவர்களைவிட, எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். உடனே கண், தலை, உடம்பு என்று படிப்படியாக அசைக்கும் பயிற்சி வரிசை ஒன்றை உருவாக்கினார்கள். அந்த வரிசை அவர்கள் பெயரிலேயே இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

நம் மாநிலத்திலும் இதற்குப் பழைய அடித்தளம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதித்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பால், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-ல் பாகாயத்தில் வந்தது. உயிரைக் காப்பாற்றுவது முதல் பாதி. பழையபடி வாழ வைப்பது இரண்டாம் பாதி.

4. என்னென்ன சிகிச்சை, என்னென்ன பயிற்சி?

துகள் இடம் மாறியிருந்தால்: பயிற்சி பெற்ற மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உங்களைப் படுக்க வைத்து, தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புவார். துகள் தன் இடத்துக்கு உருண்டு திரும்பும். இதற்கு எப்ளி முறை என்று பெயர். சில நிமிடங்களே ஆகும். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பலன் இல்லை. கழுத்திலும் அடிபட்டிருந்தால் ஆபத்து.

மற்ற காரணங்களுக்கு, கீழே உள்ள படிகள் பொதுவானவை. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ நேரில் பார்த்து "இதைச் செய்யலாம்" என்று சொன்ன பிறகே தொடங்குங்கள்.

படி 1 – பார்வையை நிறுத்துதல். உட்கார்ந்துகொண்டு கட்டை விரலைக் கண்ணுக்கு நேரே நீட்டுங்கள். பார்வை விரலிலேயே இருக்கட்டும். தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். பிறகு மேலும் கீழும். விரல் தெளிவாகத் தெரியும் வேகத்திலேயே செய்யுங்கள். அரை நிமிடத்தில் தொடங்கி ஒரு நிமிடம் வரை.

படி 2 – உட்கார்ந்து எழுதல். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருங்கள். தொடைத் தசை பலப்படும். நாற்காலி சுவரில் முட்டிக்கொண்டு இருக்கட்டும்.

படி 3 – நிற்றல். சுவர் மூலையில் முதுகு மூலையைப் பார்த்தபடி நின்று, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் உண்டு. முதலில் கால்களைச் சேர்த்து நிற்பது. அடுத்து ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதம். அது பழகியதும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது கண்ணை மூடி நிற்பது. கடைசியாகத் தலையணை மேல் நிற்பது.

படி 4 – நடத்தல். நேராக நடப்பது, நடந்துகொண்டே இடமும் வலமும் தலையைத் திருப்பிப் பார்ப்பது, திரும்பி வருவது, ஒரு படி ஏறி இறங்குவது.

படி 5 – இரண்டு வேலையை ஒன்றாகச் செய்தல். நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்வது, சந்தையில் வாங்க வேண்டிய காய்கறிகளைச் சொல்வது, கையில் தண்ணீர் டம்ளரோடு நடப்பது. நிஜ வாழ்க்கையில் யாரும் நடையில் மட்டுமே கவனம் வைத்து நடப்பதில்லையே!

படி 6 – அவரவர் வாழ்க்கைக்கான பயிற்சி. விவசாயிக்கு வரப்பில் நடக்க வேண்டும். ஆசிரியருக்கு கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். டவுனுக்கு வேலைக்குப் போகிறவருக்கு பஸ் படியில் ஏற வேண்டும். உங்களுக்கு எது முக்கியம் என்று சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். "எனக்கு மறுபடி வயலுக்குப் போகணும்" என்பதே நல்ல இலக்கு.

சிறுமூளை பாதிப்பு உள்ளவர்களுக்கு வேகம் முக்கியமில்லை. கை கால் அசைவுகளை எண்ணி எண்ணி, மெதுவாக, துல்லியமாகச் செய்ய வைப்பார்கள். முன்னேற்றம் நிதானமாக வரும். வாக்கரோ ஊன்றுகோலோ தேவைப்படலாம். ஒரு கால் பலவீனமாக இருந்தால் ஊன்றுகோலை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஊன்றுகோல் அவமானம் இல்லை. அதை வைத்து வெளியே நடமாடுவது, அது இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட மேல்.

5. எவ்வளவு செய்வது?

ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்வதைவிட, ஐந்து பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்வது நல்லது. பயிற்சியின்போது லேசாகத் தலை சுற்றுவது இயல்பு; மூளை கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை நிறுத்திக் கால் மணி நேரத்துக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்காமல் நாள் முழுக்க இழுத்தால் அளவைக் குறையுங்கள். குமட்டலோ, கடும் தலைவலியோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பலன் வாரங்களில் தெரியத் தொடங்கும். முழு முன்னேற்றத்துக்கு மாதங்கள் ஆகும். முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் வரும். "ஆறு மாசம் ஆயிருச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று கைவிட வேண்டாம்.

உடன் இருப்பவர் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நடந்து வாருங்கள். இடுப்பில் அகலமான பெல்ட்டோ, முறுக்கிக் கட்டிய துண்டோ இருந்தால் தடுமாறும்போது அதைப் பிடிக்கலாம்.

6. வீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள்

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் விளக்கு எரியட்டும். இருட்டில் கண் தரும் செய்தி இல்லாமல் போகிறது. அப்போதுதான் அதிகம் விழுவார்கள். குளியலறைத் தரையை ஈரமில்லாமல் வையுங்கள், சுவரில் கைப்பிடி பொருத்துங்கள், உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். சுருளும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். நிலைப்படியின் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பெயிண்ட் அடியுங்கள். ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழட்டும்.

மது கூடவே கூடாது. மரம் ஏறுவது, கிணற்று மேட்டில் நிற்பது, தனியாகக் குளத்தில் இறங்குவது எதுவும் இப்போதைக்கு வேண்டாம். பைக்? மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓட்டவே வேண்டாம். வலிப்பு வந்திருந்தால் இன்னும் கண்டிப்பு. மூளை ஆறும் முன் இரண்டாவது அடி பட்டால், முதல் அடியைவிட மோசமாக முடியலாம்.

7. உங்கள் செல்போன் ஒரு உதவியாளர்

• தலை சுற்றும் நேரத்தில் கண்ணையும், நடக்கும் விதத்தையும் வீடியோ எடுத்து வையுங்கள். சுற்றும்போது விழி துடிக்கும் விதமே டாக்டருக்குத் துப்புக் கொடுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் சுற்றல் வராமல் போகலாம்.

• பயிற்சி நேரத்துக்கு மூன்று அலாரம் வையுங்கள். தலைக்காயத்துக்குப் பின் மறதி சகஜம்.

• வாரம் ஒருமுறை ஸ்டாப்வாட்ச் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? எழுதி வையுங்கள். போன மாதம் 24, இந்த மாதம் 17 என்று வந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெம்பு வரும்.

• டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

• இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் காணொலியில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் செய்யும் பரிசோதனைக்கு அது மாற்று ஆகாது, ஆனால் மாத்திரைச் சந்தேகத்துக்கும் அடுத்து எங்கே போவது என்று கேட்பதற்கும் உதவும்.

8. என்ன சேவை, எங்கே கேட்பது?

*விபத்து நேரத்தில்:* 108. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு, 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை உச்சவரம்புக்கு உட்பட்டு அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் பொருந்தும்.

*டிஸ்சார்ஜ் நாளில்:* இந்த நான்கு கேள்விகளைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஒன்று, தள்ளாட்டத்துக்குக் காரணம் என்ன? இரண்டு, என்ன பயிற்சி, எப்போது தொடங்கலாம்? மூன்று, தலைசுற்றல் மாத்திரை எத்தனை நாளைக்கு? நான்கு, அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்க வேண்டும்?

*வீட்டுக்கு வந்த பின்:* 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, "வீட்டில் தலைக்காயம் பட்டவர் இருக்கிறார், பிசியோதெரபி வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லிப் பெயர் பதிவு செய்யுங்கள். கொடும்பாளூர் மக்களுக்கு விராலிமலை ஒன்றியம். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேளுங்கள்.

*பெரிய பரிசோதனைக்கு:* புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் இந்தப் பகுதிக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. மாநில அளவில் சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

*செலவுக்கு:* ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். உங்களுக்குத் தேவையான சிகிச்சை அதில் வருகிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

*பாதிப்பு நிலைத்துவிட்டால்:* சிகிச்சைக்குப் பிறகும் கை கால் இயக்கத்தில் நிரந்தரக் குறை இருந்தால் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவர் பரிசோதித்துச் சதவீதம் குறிப்பார். ஊன்றுகோல், வாக்கர் போன்றவற்றுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

*மனம் சோர்ந்தால்:* தலைக்காயத்துக்குப் பின் கோபமும் அழுகையும் வருவது நோயின் பகுதி. பார்த்துக்கொள்பவருக்கும் களைப்பு வரும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இருவருமே பேசலாம்.

9. இவை தெரிந்தால் பயிற்சி வேண்டாம், உடனே 108

தலைவலி நாளுக்கு நாள் அதிகமாவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கக் கலக்கம், வலிப்பு, புதிதாக ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் வடிவது. காயம் பட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் சேரலாம். வயதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனமாக இருங்கள்.

பாடத்தைச் சரிபார்க்க மூன்று கேள்விகள்

1. கட்டிலில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் சுற்றுகிறது. மாத்திரையா, வேறு சிகிச்சையா? – பரிசோதனை செய்து, தலையைத் திருப்பித் துகளை இடம் சேர்க்கும் சிகிச்சை.

2. பயிற்சியின்போது லேசாகச் சுற்றுகிறது, பத்து நிமிடத்தில் அடங்குகிறது. நிறுத்தலாமா? – வேண்டாம், தொடருங்கள்.

3. பிசியோதெரபிக்கு வீட்டிலிருந்து போக முடியவில்லை. யாரைக் கேட்பது? – ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் குழுவை.

நாம் முதலில் பார்த்த அந்த அம்மாவிடம் இனி யாராவது இப்படிச் சொல்லட்டும்: "எந்திரிக்காதன்னு சொல்லாதீங்கம்மா. நான் பக்கத்துல நிக்கிறேன், எந்திரின்னு சொல்லுங்க." உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்தக் கட்டுரையை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முடிந்தால் நேரில் போய்ப் படித்தும் காட்டுங்கள்.